வேலூர் மாஷிமா

என் மன்னி நாகலட்சுமி வேலூரைப் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லேக் மார்க்கெட்டிலிருந்து காளிகாட் வரைக்கும் அவளுக்கு வேலூர் மாஷிமா என்றுதான் பெயர். மாஷிமா என்றால் வங்காளத்தில் சித்தி, பெரியம்மா, பொதுவாக மரியாதைக்குரிய எந்த மாமியும். மன்னி பிறந்தது கல்கத்தா, படித்தது கல்கத்தா, துறைமுக ஆபீசில் இருந்த என் அண்ணா கோவிந்தராஜனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்ததும் நாலு தெரு தள்ளித்தான். தமிழ்நாட்டுக்கு அவள் போனதெல்லாம் சில கல்யாணங்களுக்கும் ஒரு சஷ்டியப்தபூர்த்திக்கும். அதில் ஒன்றுகூட வேலூர்ப் பக்கம் நடக்கவில்லை.

ஆனால் கல்கத்தாக்காரர்களுக்குத் தமிழ்நாடு என்றாலே வேலூர்தான். உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால், ஹவுராவில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, அங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். எண்பதுகளின் நடுவில் எதிர்வீட்டு பௌமிக் பாபு சிறுநீரகக் கல்லோடு அங்கே கிளம்பினார். அவசரத்துக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுக்கும்படி மன்னியைக் கேட்டார். மன்னிக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுத் தமிழ், அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். 'சித்த ஜலம் தரேளா', 'வலியில பிராணன் போறது', 'டாக்டர் எப்போ வருவார்னு கேட்டுச் சொல்லுங்கோ'. சட்டையிலும் மீன் மணக்கும் அந்த ஆறடி மனிதர் வேலூர் வார்டில் அசல் கும்பகோணத்து மாமியாகப் பேசியிருக்கிறார். நர்சுகள் சிரித்துச் சிரித்து அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவர் குணமான புகழில் பாதியை டாக்டருக்கும் பாதியை மன்னிக்கும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வாசலில் செருப்பு சேர ஆரம்பித்தது. ஸ்கேன் உறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலிகஞ்சிலிருந்தும் பெஹாலாவிலிருந்தும் வருவார்கள். எந்த லாட்ஜில் மீன் சமைக்க விடுவார்கள், டோக்கனுக்கு எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும், எந்த டாக்டர் சிடுசிடுப்பார், எவர் நின்று பேசுவார் என்று மன்னி சரமாரியாகச் சொல்வாள். போய் வந்தவர்கள் சொன்னதை வாங்கி, போகப்போகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் அவள் தொழில். "வேலூரில் உங்கள் வீடு எந்தத் தெரு, மாஷிமா?" என்று யாராவது கேட்டால், "கொஞ்சம் உள்ளே தள்ளி" என்பாள். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். லேக் மார்க்கெட் வேலூரிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன்.

அவளுடைய உண்மையான நிபுணத்துவம் வேறு. ரிப்போர்ட்டில் அந்தப் பெரிய வியாதியின் பெயர் இருந்தால், நோயாளியை டீ சாப்பிட என்னிடம் உள்ளே அனுப்பிவிடுவாள். நான் அவர்களுக்கு பிஸ்கட் கொடுத்து, நைல் நதியைப் பற்றியோ எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பேன். வெளியே மன்னி குரலைத் தாழ்த்தி உறவினர்களுக்குப் பாடம் நடத்துவாள். நோயாளிக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் பாதி உயிர் அன்றைக்கே போய்விடும். எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும், அதுவும் சின்னப் பொய்யாக இருக்க வேண்டும். வயிற்றில் என்றால் கேஸ் என்று சொல்லுங்கள். வங்காளியிடம் கேஸ் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு கேள்வி வராது. வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குத் தகவல் கொடுக்காதீர்கள், கும்பலாக வந்து நின்றாலே நோயாளி புரிந்துகொண்டுவிடுவார். அழ வேண்டுமானால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுங்கள். இந்தக் கடைசி யோசனையைக் கேட்டு எத்தனையோ ஆண்பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொண்ணூற்றேழு செப்டம்பரில் மன்னிக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கல்கத்தாவில் எந்தக் காரியமும் பூஜைக்கு அப்புறம்தான். குழாய் ரிப்பேரிலிருந்து கோர்ட் வழக்குவரை எல்லாம் துர்கா பூஜை முடியட்டும் என்று காத்திருக்கும். எங்களுக்கோ அதே நாட்களில் நவராத்திரிக் கொலு. அது முடிந்தால் அவர்களுக்குக் காளி பூஜை, எங்களுக்குத் தீபாவளி. அப்புறம் கார்த்திகை. அப்புறம் மார்கழி பஜனை, அதற்குப் பொங்கல் பண்ண ஆள் மன்னிதான். பொங்கல் முடிந்து மூச்சு விடுவதற்குள் தெருவில் சரஸ்வதி பூஜைக்குப் பந்தல் போட்டுவிட்டார்கள். இரண்டு ஜாதிப் பண்டிகைகளையும் கொண்டாடுகிற வீட்டில் டாக்டரிடம் போக ஒரு நாள் ஒழியவில்லை. ஊரார் ரிப்போர்ட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தவள், பிப்ரவரியில் முதுகுவலி தாங்காமல் படுத்த பிறகுதான் எங்களிடம் விஷயத்தைச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம் என்று தோன்றியது. அதற்கும் நேரமில்லை.

பரிசோதனைகள் முடிந்து, டாக்டர் அண்ணாவை மட்டும் தனியாக அழைத்தார். மார்பில் ஆரம்பித்து முதுகெலும்புக்குப் போய்விட்டது. வெட்டி எடுத்துப் பிரயோஜனமில்லை. கீமோதெரபி கொடுத்தால் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம், போக்கிவிட முடியாது. அண்ணா அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"சாவித்ரி, நாகுவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பாதி உயிர் இன்னிக்கே போயிடும்" என்றான்.

"அவ சொன்னதையே அவளுக்குத் திருப்பிச் சொல்றியா அண்ணா? யாருக்குக் காது குத்தறே?"

"எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்லணும்" என்றான். பன்னிரண்டு வருஷம் உள் அறையில் பேப்பர் படித்துக்கொண்டே அத்தனை பாடத்தையும் கேட்டு வைத்திருக்கிறான், பாவம்.

பொய் தயாரானது. மன்னிக்குப் பால் சுரப்பியில் பழைய கட்டி, ரத்தத்தில் இரும்புச் சத்து ரொம்பக் குறைவு, அதனால் முதுகுவலி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இரும்புச் சத்து ஏற்ற வேண்டும். சிகிச்சையில் ஒரு மருந்து நல்ல சிவப்பாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதும் அண்ணாவுக்கு ஏக நிம்மதி, பொய்க்கு நிறம் பொருந்திவிட்டது. அந்தச் சிவப்பு மருந்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை குடும்பத்துக்கு மன்னி விளக்கியிருக்கிறாள், மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள் என்று. அண்ணா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியா, நல்ல வேளை, இரும்புதானே" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன்.

அக்கம்பக்கத்தார் அண்ணாவை மடக்கினார்கள். பௌமிக் பாபு கண்ணீர் விடாத குறை. "நீங்கள் வேலூருக்கே அல்லவா போக வேண்டும், கோவிந்த பாபு? மாஷிமாவை இங்கே வைத்துக்கொண்டிருக்கிறீர்களே?" அண்ணா தலையைச் சொறிந்துகொண்டு, "வேலூர் என்றால் அவளுக்குத் தெரிந்துபோய்விடுமே" என்றான். அதில் நியாயம் இருந்தது. கல்கத்தாவில் பாதிப் பேரை வேலூருக்கு ரயிலேற்றிவிட்டவளை, வேலூர் என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள் என்பதற்காக வேலூருக்கு அனுப்ப முடியவில்லை. இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்பாடாயிற்று. அதன் முன் வாசலில் கேன்சர் என்று மூன்று மொழியில் பலகை வைத்திருந்தார்கள், மூன்றும் மன்னிக்கு வாசிக்கத் தெரியும். ஆகவே அண்ணா அவளைப் பின்பக்கமாக, துணி துவைக்கிற இடத்தைச் சுற்றி அழைத்துப் போனான். முதுகுவலியோடு அவ்வளவு தூரம் நடந்தாள். அடுத்த தடவை டாக்ஸிக்காரன் முன் வாசலில் நிறுத்தப் போனபோது, "பின்னால விடச் சொல்லுங்கோ, எனக்கு அந்த வழிதான் பழக்கம்" என்று அவளே சொன்னாள்.

கீமோ என்றால் என்னவென்று நான் அப்போதுதான் பார்த்தேன். ஏற்றுகிற அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாளிலிருந்து வாந்தி. வாயெல்லாம் புண்ணாகி, குழைத்த மோர்சாதம்கூடக் காந்தும். லேக் மார்க்கெட்டில் வறுத்து அரைத்த காப்பிப்பொடியை முகர்ந்துவிட்டு ஆணி துரு மாதிரி இருக்கிறது என்று தள்ளினாள். ஊசி போட்ட நரம்பு கறுத்தது. இரண்டாவது தடவைக்கு முன்னால் முடி கொட்டிவிட்டது, சீப்பில் வரவில்லை, தலையணையிலேயே தங்கிவிட்டது. அண்ணா அதற்கும் தயாராக இருந்தான். "கார்ப்பரேஷன் தண்ணி மோசம் நாகு. ஆபீஸ்ல எல்லாருக்கும் கொட்டறதாம்" என்றான். அவன் தலை எப்போதோ வழுக்கை. "ஆமா, தண்ணிதான்" என்றாள் மன்னி, புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு. கல்யாணம் ஆன நாளாக ரசத்தில் உப்பில்லை, கறியில் காரமில்லை என்று குற்றம் சொல்லியே சாப்பிட்ட மனுஷன், நான் கண்டபடி சமைத்துப் போட்டதை 'பிரமாதம், பிரமாதம்' என்று சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பான். நிரம்புவதற்கு அங்கே ஒரு வாளிகூட வைத்திருக்க மாட்டான்.

ஏப்ரலில் ஒரு நாள் மன்னியோடு நானும் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் பெஹாலாவிலிருந்து வந்த மினதி சென். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் என்னிடம் நைல் நதியைக் கேட்டவள். அவளுக்குக் கருப்பையில், சொல்லி வைத்தது வழக்கம்போல் கேஸ். மன்னியைப் பார்த்ததும் அவள் புருஷன் வெலவெலத்துப் போனான். பாடம் சொன்ன வாத்தியாரே பரீட்சை எழுதுகிற இடத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வான். அவனும் அண்ணாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மருந்து வாங்கி வருகிறோம் என்று சேர்ந்து நழுவினார்கள்.

அவர்கள் வாசல் தாண்டியதும் மினதி தலையைத் திருப்பி, "உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள், மாஷிமா?" என்று கேட்டாள்.

"இரும்புச் சத்து. உனக்கு இன்னும் கேஸ்தானா?"

"கேஸ்தான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கையில் குத்தியிருந்த ஊசி ஆடுகிறது என்று நர்ஸ் வந்து திட்டும்வரை சிரித்தார்கள். மன்னிதான் முதலில் நிறுத்தினாள். "உனக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"முதல் நாளே. உங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே தெரியும். அவர் அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொன்னார், கெடுக்க மனசு வரவில்லை. ஆனால் மாஷிமா, அந்தக் குழாய்ச் சத்தம் மட்டும் தாங்க முடியவில்லை. அவர் அங்கே தனியாக, நான் இங்கே தனியாக." நர்ஸ் போன பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஜாம்ஷெட்பூரில் என் அக்கா இருக்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எனக்கு வெறும் கேஸ் என்றால், அக்காவை வரச் சொல்லுங்கள் என்று நான் எந்தக் காரணம் சொல்லிக் கேட்பது?"

வீட்டுக்கு வரும் வழியில் டாக்ஸி ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராமுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. அண்ணா டிரைவரிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். மாலையில் மன்னி என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கு மதுவைப் பாக்கணும் சாவித்ரி" என்றாள்.

மதுவந்தி அவர்களுக்கு ஒரே பெண். பம்பாயில் மாமா வீட்டில் தங்கி சி.ஏ. கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் தவறிவிட்டது, மே மாதம் மூன்றாவது. நம்மவர் வீட்டில் பரீட்சை என்றால் சாவு செய்தியும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அவளுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது என்பதில் அண்ணா கல்லாக இருந்தான். ஞாயிறுதோறும் அவள் போன் பண்ணும்போது மன்னி உற்சாகமாகப் பேசுவாள், வைத்துவிட்டு அப்படியே சோபாவில் சாய்ந்துவிடுவாள்.

"நானே அண்ணாகிட்ட சொல்லிடட்டுமா? உனக்கு எல்லாம் தெரியும்னு?"

"வேண்டாம். அந்தப் பொய்தான் அவரை நிக்க வெச்சிருக்கு. அதையும் பிடுங்கிட்டா ஒடிஞ்சு போயிடுவார். மே தாண்டட்டும், மது தானா வருவா."

மே தாண்டியது. ரிசல்ட் வரட்டும், பாஸ் பண்ணிவிட்டுத்தான் வருவேன் என்றாள் மது. ஜூலையில் ரிசல்ட் வந்தது, மறுபடியும் போய்விட்டது. அழுதாள், நவம்பரில் எழுதுகிறேன், அதுவரை எங்கேயும் நகரமாட்டேன் என்றாள். அந்த வாரமே டாக்டர், மருந்து பிடிக்கவில்லை, நோய் இடுப்பெலும்புக்கும் வந்துவிட்டது, வேறு மருந்து மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அண்ணா என்னிடம், "நவம்பர் வரைக்கும் பல்லைக் கடிச்சுண்டு இருந்துட்டா போறும்" என்றான். யார் பல்லை என்று கேட்டேன். அவன் குளியலறைப் பக்கம் போனான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாஷிமாவுக்கே உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதால் வாசலில் செருப்பு இல்லை. மன்னி காலையில் எழுந்து, முகம் கழுவி, தலையில் தலைப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி முன் அறைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாவை அழைத்து, வருகிறவர்கள் உட்காருகிற எதிர் நாற்காலியைக் காட்டினாள். என்னை, உள்ளே போய் டீ போடு என்றாள். நான் போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"சொல்லுங்கோ. யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றாள். யாரிடமும் கேட்கிற அதே குரல்.

அண்ணா விழித்தான். "என்ன நாகு இது?"

"யாருக்கு?"

பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "என் ஆத்துக்காரிக்கு" என்றான்.

"எங்கே?"

"மார்ல. இப்போ முதுகு, இடுப்பு எல்லாம்."

"என்ன வைத்தியம்?"

"கீமோ" என்றான் அண்ணா. அந்த வார்த்தை எங்கள் வீட்டில் முதல் தடவையாக விழுந்தது.

"பேஷண்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மறைக்கச் சொல்லி யார் சொன்னா?"

"இங்கே ஒரு மாஷிமா இருக்கா. அவ எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவா."

"அவ வேலூரையே பாத்ததில்லை. அவ பேச்சைக் கேட்டேளா?" என்றாள் மன்னி. "குழந்தைகள் உண்டா?"

"ஒரு பொண்ணு. பம்பாய்ல. நவம்பர்ல பரீட்சை."

"பரீட்சை வருஷத்துக்கு ரெண்டு தரம் வரும்" என்றாள் மன்னி.

அண்ணா அழுதான். குழாய் எதுவும் திறந்துவிடாமல், வாசல் கதவு விரியத் திறந்திருக்க, பௌமிக் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதான். மன்னி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமில்லாமல் நானும் அழுதேன். பிறகு அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து பம்பாய்க்கு நம்பரைச் சுழற்றினான். மது எடுத்ததும், "அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்து, மென்று முழுங்கி, "கொஞ்சம் ரத்தம் குறைவு" என்றான். ஆறு மாதப் பழக்கம், வாய் வேறெங்கும் போகவில்லை. மன்னி ரிசீவரைத் தன் கைக்கு வாங்கினாள்.

"மது, எனக்கு கேன்சர். எலும்புக்குப் போயிடுத்து. கீமோ நடக்கறது, இன்னும் எத்தனை நாள்னு டாக்டருக்கும் தெரியாது. நீ படிப்பைக் கட்டி வெச்சுட்டு வா. எனக்கு உன்னைப் பாக்கணும்" என்றாள்.

மது அந்த வாரமே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். அந்த நவம்பர் பரீட்சைக்கு அவள் போகவில்லை. மன்னி அதற்கு மேல் இரண்டு கொலுவுக்கு இருந்தாள், இரண்டாவதற்குப் படுத்தபடியே எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று விரலைக் காட்டினாள். வேலூருக்குப் போகிறவர்கள் மறுபடியும் வர ஆரம்பித்தார்கள். நோயாளியை உள்ளே அனுப்பச் சொன்னால், இங்கேயே உட்காரட்டும், அவருக்குத்தானே வியாதி என்பாள். மினதியின் அக்காவுக்கு ஜாம்ஷெட்பூருக்கு அவளே போன் பண்ணினாள். அக்கா வந்தபோது மினதிக்குப் பேச்சு நின்றிருந்தது. மன்னி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மது வந்த நாளைச் சொல்ல வேண்டும். வாசலில் பெட்டியை வைத்தாள், அம்மாவின் தலையைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையோடு நான் முன்னே போனேன். அவள் சண்டைக்குப் போனாள். கட்டியை ஐந்து மாதம் மறைத்தவளுக்கு மூளை இருக்கிறதா, கொலுவும் பூஜையும் பெரிசா, என்னைக் கேட்காமல் என் பரீட்சையைப் பற்றி முடிவு செய்ய நீங்களெல்லாம் யார் என்று பாதி தமிழிலும் பாதி வங்காளத்திலும் கத்தினாள். அண்ணா இரண்டு கையையும் ஆட்டி அவளை அடக்கப் பார்த்தான். மன்னி எழுந்து உட்கார்ந்து, மூன்று தரம் கோட்டை விட்டவள் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாயா என்று பதிலுக்குப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு வேளைவரை நடந்தது. கடைசியில் மது காலை உதைத்துக்கொண்டு குளிக்கப் போனாள். மன்னிக்கு மூச்சு வாங்கியது, கன்னம் சிவந்திருந்தது, நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஆறு மாசமாச்சு சாவித்ரி" என்றாள். "இந்த ஆத்துல ஒருத்தரும் என்னோட சண்டையே போடல."